திருநெல்வேலி மேல்மாடி வீடும் அதன் தண்ணியும்

வவுனியாவிலிருந்து மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர், யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளமும் வாடகைக்கு வருகிறதாம், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். விளம்பரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது: இரண்டு அறை, டைல்ஸ் தரை, கார் விட இடம், பலாலி வீதி கூப்பிடு தூரம். தண்ணி பற்றி மட்டும் 'கிணறு, மோட்டர், தாங்கி உண்டு' என்று ஒரே ஒரு வரி. என் பிரச்சினை முழுவதும் அந்த வரிக்குள்தான்.

போன கிழமை வோஷிங் மெசினுக்குள் தண்ணி ஏறவில்லை. திருத்த வந்த பொடியன் பின்பக்கக் குழாயைக் கழற்றி, வால்வுக்குள் இருந்த சின்ன வலையைக் குறட்டால் இழுத்தெடுத்தான். வலைக்கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. சுண்ணாம்பு அப்பி வெள்ளைத் தட்டாகக் கிடந்தது. அதற்கு முதல் ஷவர் அடைத்தது. கேத்திலுக்குத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைப்பது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை.

குடாநாட்டுக்கு அடியில் சுண்ணக்கல். மாரி மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. இதில் வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தாங்கியைக் கழுவித் தரும்படி எத்தனை தரம் கேட்டாயிற்று! அடியில் படிந்ததெல்லாம் பைப்புக்குள் இறங்குகிறது. 'பார்ப்பம்' என்பதோடு சரி. கோபம் வருவது அங்கேதான். குடிக்க வெளியில் போத்தல் தண்ணி வாங்குகிறோம்; தோட்டத்துப் பசளையால் கிணற்றுத் தண்ணியில் சேரும் நைத்திரேற்று உப்பு கொதிக்க வைத்தாலும் போகாது.

மற்றபடி இடம் அருமை. திருநெல்வேலிச் சந்தைக்கு நடந்தே போகலாம். விடியப் போனால் செம்மண் காயாத கீரைப்பிடி, அப்போதுதான் இறக்கிய கத்தரிக்காய். பல்கலைக்கழகம் பக்கத்தில் என்பதால் போட்டோக்கொப்பிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் அலையத் தேவையில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சைக்கிளிலேயே போய் வருகிறோம். ஒழுங்கைக்குள் வாகன இரைச்சலும் இல்லை. இந்த வாடகைக்கு இப்படி ஒரு இடம் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

ஆனாலும் நண்பரிடம் எடுக்க வேண்டாம் என்றே சொன்னேன். தாங்கியைக் கழுவி, பைப்பில் ஒரு பில்டரும் பூட்டித் தருவதாக எழுத்தில் தந்தால் மட்டும் பேசச் சொன்னேன். கரைந்த சுண்ணாம்பை அந்த பில்டர் பிடிக்காது. உதிர்ந்து வரும் தட்டுகளையாவது மறிக்கும். நாங்கள் அடுத்த வருடத்துக்கும் கையெழுத்து வைத்தாயிற்று. பிள்ளையின் பள்ளிக்கூடம் ஒழுங்கை முடக்கில் இருக்கிறது.