பழைய டிவிஆர் விடிகாலையில் கிளம்பவில்லையா? ஹார்டுடிஸ்க் மேல் பழி போடாதீர்கள்

உள்ளேயே எஸ்எம்பிஎஸ் போர்டு, அதாவது பவர் சப்ளை, வைத்த பழைய டிவிஆர்கள் (சிசிடிவி கேமராப் படங்களைப் பதியும் பெட்டிகள்) ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கடைகளிலும் காட்டேஜ்களிலும் இன்னும் ஓடுகின்றன. நன்றாக உழைக்கும் பெட்டிகள். ஆனால் வருஷங்கள் ஏற ஏற முதலில் தளர்வது பவர் சப்ளைதான், அதுவும் மார்கழி, தைக் குளிரில்தான் குட்டு வெளிப்படும். ராத்திரி கரண்ட் போய் விடிகாலையில் வந்தால் லோகோ வரும், டிஸ்க் 'டிக்' என்னும், திரும்பவும் லோகோ. வெயில் ஏறினதும் தானாகச் சரியாகிவிடும். இதைப் பார்த்து டிஸ்க்கை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறவர்கள் நிறைய.

பவர் சப்ளையில் வோல்டேஜைச் சீராக வைப்பவை எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். அவற்றுக்குள் இருக்கும் திரவம் பெட்டிச் சூட்டில் மெல்லக் காய்கிறது. மிச்சம் இருப்பதும் குளிரில் கெட்டிப்பட்டு, உள்தடை, அதாவது ஈஎஸ்ஆர், ஏறிவிடுகிறது. 3.5 இன்ச் டிஸ்க் சுற்றத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்காமல் வோல்டேஜ் சரிகிறது, மெயின் போர்டு ரீசெட் ஆகிறது.

டிஸ்க்கின் பவர் வயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். மெனு வரை வந்தால் டிஸ்க்கை மாட்டி, கிளம்பும்போதே அளக்க வேண்டும். சிவப்பு (5 வோல்ட்) வயரில் 4.75, மஞ்சளில் (12 வோல்ட்) 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சப்ளைதான் குற்றவாளி. லோடு இல்லாமல் அளந்த 12.1 எதையும் நிரூபிக்காது. நொடிப்பொழுதுச் சரிவு சாதாரண மல்டிமீட்டரில் சிக்காமலும் போகலாம். அதற்கு ஒரு கைவழி உண்டு: பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, கெப்பாசிட்டர்களுக்கு ஹேர் டிரையரால் ஒரு நிமிஷம் மிதமான சூடு காட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். உடனே கிளம்பினால் சந்தேகமே வேண்டாம்.

கை வைக்கும் முன்: பெரிய 400 வோல்ட் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் பிடித்து, கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே வைத்து சார்ஜை இறக்கி, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

அவுட்புட் பக்கத்துக் கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். தலை உப்பினதை மட்டும் மாற்றுவது அரைவேலை, தட்டையாக இருப்பதும் உள்ளே காய்ந்திருக்கும். மைக்ரோஃபாரட் பழைய அளவே இருக்கட்டும். வோல்டேஜ் 10 இருந்த இடத்தில் 16, 16 இருந்த இடத்தில் 25 போடலாம். 105 டிகிரி சூடு தாங்கும், லோ ஈஎஸ்ஆர் வகை என்று கேட்டு வாங்குங்கள். உடம்பில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். சப்ளையைக் கட்டுப்படுத்தும் சிப்பான பிடபிள்யூஎம் ஐசி பக்கத்தில் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட்டில் ஒரு பொடிசு நிற்கும். பெட்டி உயிரே காட்டாமல் கிடப்பதற்குப் பல நேரம் அதுதான் காரணம், அதையும் விடாதீர்கள்.

ஐப்பசி இடியில் ஃபியூஸ் போனது வேறு கதை. கரண்ட் நுழையும் பக்கத்தில் இருக்கும் வேரிஸ்டர் (அதிக வோல்டேஜைத் தடுப்பது), பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்குவது), மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் வேலை செய்வது) மூன்றும் ஷார்ட் ஆகியிருக்கின்றனவா என்று பார்க்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். பழையதைவிட அதிக ஆம்பியர் உள்ள தடித்த ஃபியூஸ் போடவே கூடாது.

மஞ்சு புகும் அறையானால் ராத்திரியில் அணைத்து வைக்காதீர்கள். ஓடும் பெட்டியின் சூடுதான் போர்டில் ஈரம் படியாமல் காக்கிறது. ஆனால் ரிப்பேர் முடிந்த அன்று மட்டும் அணைத்தே வைத்து, விடிகாலை ஆறு மணிக் குளிரில், டிஸ்க்கை மாட்டியபடி, ஐந்து தடவை ஆன் செய்து பாருங்கள். ஐந்தும் நேராக மெனுவுக்குப் போனால்தான் மூடிக்கு ஸ்குரூ போடலாம்.