தொட்டி மேலே ராஸ்பெர்ரி பையா, ஈஎஸ்பி-32ஆ?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் குடியிருக்கும் எங்களுக்கு 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டி ஆடம்பரப் பொருளாக இல்லாமல் போயிற்று. ஊருக்குத் தண்ணீர் தரும் சுத்திகரிப்பு நிலையம் அந்த வெள்ளத்தில் சேதமடைந்து, குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரப் பல மாதங்கள் பிடித்தன. லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்ற வீடுகளெல்லாம், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பச்சை நிற ஜோஜோ தொட்டி ஒன்றை வாங்கிக் கொல்லையில் நிறுத்தின. எங்கள் வீட்டிலும் 2,500 லிட்டர் தொட்டி ஒன்று வந்தது. ஏணி வைத்து ஏறி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்க்காமல் தண்ணீர் மட்டத்தை அறிய வேண்டும். அது ஓர் அளவுக்குக் கீழே போனால் பம்பு தானாக நிற்க வேண்டும். தொட்டி நிரம்பினால் உள்ளே வரும் வால்வு மூட வேண்டும். என் தேவை அவ்வளவுதான்.

இதை முதலில் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையைக் கொண்டு செய்தேன். ஒன்பது மாதம் கழித்து அதைக் கழற்றிவிட்டு, அதைவிட எளிய ஈஎஸ்பி-32 பலகைக்கு மாறினேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பையன் ஒருவன், தன் பாட்டி வீட்டுத் தொட்டிக்கு எதை வாங்கலாம் என்று கேட்டதால் என் அனுபவத்தை எழுதி வைக்கிறேன். நான் ஈஎஸ்பி-32 பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு பலருக்கும் தெரிந்ததே. 2012இல் முதன்முதலாக வெளிவந்த ராஸ்பெர்ரி பை ஒரு முழுக் கணினி. லினக்ஸ் இயங்குதளம், எஸ்டி கார்டு, ஜிகாபைட் கணக்கில் நினைவகம் எல்லாம் அதில் உண்டு. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த ஈஎஸ்பி-32 ஒரு நுண்கட்டுப்படுத்தி. 240 மெகாஹெர்ட்ஸ் வேகம், 520 கிலோபைட் நினைவகம், வைஃபை, புளூடூத், எழுதிவைத்த ஒரே நிரல், அதோடு சரி. விலையில், நான் இங்கே வாங்கியபோது, ஒரு பை 4இன் விலைக்கு ஏழெட்டு ஈஎஸ்பி பலகைகள் கிடைத்தன. ஆர்டுயினோ ஊனோவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கற்றுக்கொள்ள அருமையான பலகைதான், ஆனால் பழைய ஊனோவில் வைஃபை கிடையாது. 2023இல் வந்த ஊனோ ஆர்4 வைஃபை பலகையோ, வைஃபைக்காக ஓர் ஈஎஸ்பி-32 எஸ்3 சில்லைத்தான் தன் மேல் சுமந்திருக்கிறது. அதற்கு நேராக ஈஎஸ்பியையே வாங்கிவிடலாம்.

வேகம், நினைவகம், கம்பி இணைக்கும் கால்களின் எண்ணிக்கை என்று அட்டவணை போட்டு ஒப்பிடுவதில் இந்த வேலைக்குப் பயன் இல்லை. தண்ணீர் மட்டத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க எந்தப் பலகையாலும் முடியும். நான் கேட்க மறந்து, பிறகு விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மின்சாரம் போகும் நொடியிலும் அது திரும்பி வரும் நொடியிலும் இந்தப் பலகை என்ன செய்யும்?

2023ஆம் ஆண்டு இந்த நாட்டில் இருந்தவர்களுக்கு லோட் ஷெட்டிங்கைப் பற்றி, அதாவது அட்டவணை போட்டுப் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்துவதைப் பற்றி, விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, சில நாள் மூன்று முறை மின்சாரம் போகும். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அட்டவணை கைப்பேசியில் இருந்ததால் நமக்கு நேரம் தெரியும், தொட்டியடியில் இருக்கும் பைக்குத் தெரியாது. அதற்கு ஒவ்வொன்றும் திடீர் மரணம்தான்.

லினக்ஸ் சும்மா இருப்பதுபோல் தோன்றும் நேரத்திலும் பதிவுக் கோப்புகளில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். எஸ்டி கார்டில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகமோ, சிறு பக்கங்களாக எழுதி, பெரிய தொகுதிகளாக அழிக்கும் இயல்புடையது. ஆகவே ஒரு சிறு வரியை எழுதுவதற்காகக் கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, அந்த வரியோடு தொடர்பே இல்லாத பழைய தரவுகளையும் இடம் மாற்றிக்கொண்டிருக்கக்கூடும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் கெட்டால் அது நம் அதிர்ஷ்டம். இயங்குதளத்தின் கோப்பு ஒன்று கெட்டால் பை மறுபடி எழாது. ஒன்பது மாதத்தில் எனக்கு மூன்று முறை இப்படி நடந்தது. இரண்டு முறை கார்டைக் கழற்றி மடிக்கணினியில் செருகிக் கோப்புமுறைமையைச் சரிசெய்தேன். மூன்றாவது முறை கார்டே போய்விட்டது. எந்தக் கணினியிலும் அது தெரியவில்லை.

பை எழவில்லை என்றால், பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே மூடாது. ரிலே மூடாவிட்டால் பம்பு ஓடாது. நான் வேலையில் இருக்கும்போது அம்மா தொலைபேசியில், "மறுபடியும் தண்ணி வரலப்பா, கரண்டு வந்து ஒரு மணி நேரம் ஆச்சு" என்பார். பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன தம்பி, உன் கம்ப்யூட்டர் தூங்குதா?" என்று கேட்பார். அவர் வீட்டுப் பம்பு எந்தக் கணினியும் இல்லாமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பைக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், இதற்கு மருந்துகள் உண்டு, அவற்றில் சிலவற்றை நானும் கொடுத்துப் பார்த்தேன். ராஸ்பெர்ரி பையின் அமைப்புப் பட்டியலிலேயே, கார்டைப் படிக்க மட்டும் பயன்படுத்தி, எழுத வேண்டியதையெல்லாம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஓவர்லே வசதி இருக்கிறது. அதைப் போட்ட பிறகு கார்டு கெடவில்லை. ஆனால் மின்சாரம் போனால் அன்றைய தண்ணீர்க் கணக்கும் கூடவே போயிற்று. நிரலில் ஒரு எண்ணை மாற்ற வேண்டுமானாலும் ஓவர்லேயை நீக்கி, மறுபடி தொடங்கி, மாற்றி, மீண்டும் போட்டு, மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. ரவுட்டருக்கு எல்லோரும் வாங்கிய குட்டி யுபிஎஸ் போல ஒன்றைப் பைக்கும் வைக்கலாம்; பை 4 சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 3 வாட் இழுக்கும் என்பதால் அந்த யுபிஎஸ்ஸும் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். எஸ்டி கார்டை விட்டுவிட்டு எஸ்எஸ்டியிலிருந்து தொடங்க வைப்பதும் நல்ல வழி என்பார்கள். அதைத் தொட்டியடியில் வைத்து நான் சோதித்ததில்லை. இத்தனையும் செய்தால் பை நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் மட்டம் பார்க்க இத்தனை வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஈஎஸ்பி-32இல் இந்தப் பிரச்சினை அடியோடு இல்லை. நிரல் சில்லின் ஃபிளாஷில் ஒருமுறை எழுதப்பட்டுவிடுகிறது. ஓடும்போது அது படிக்கப்படுகிறதே தவிர, நாமாகச் சொன்னாலன்றி எதுவும் எழுதப்படுவதில்லை. மின்சாரம் போனால் நின்றுவிடும், வந்தால் ஒரு நொடிக்குள் நிரலின் முதல் வரியிலிருந்து ஓடத் தொடங்கும். வைஃபையில் சேர இன்னும் சில நொடி பிடிக்கும். ரவுட்டர் எழும் வரை காத்திருக்க வேண்டியும் வரும். ஆனால் பம்பைக் காக்கும் வேலைக்கு வைஃபையே தேவையில்லை. மட்டத்தை அளந்து ரிலேயை மூடுவதும் திறப்பதும் பலகைக்குள்ளேயே நடக்கும்படி எழுதியிருக்கிறேன்.

நிரலை நானே சி மொழியில் எழுதாமல் ஈஎஸ்பிஹோமைப் பயன்படுத்தினேன். எந்தக் காலில் எந்தச் சென்சார் என்று ஒரு கோப்பில் எழுதிக்கொடுத்தால் அதுவே நிரலை உருவாக்கி வைஃபை வழியாகவே பலகைக்கு அனுப்பிவிடும். புதிய நிரல் ஃபிளாஷின் வேறொரு பகுதியில் முழுதும் இறங்கிய பிறகுதான் பலகை அதற்கு மாறும். பாதியில் மின்சாரம் போனால் பழைய நிரலே மறுபடி ஓடும். ஏணியில் ஏறி மடிக்கணினியைத் தொட்டி மூடியின்மேல் வைத்துக்கொண்டு நிற்கும் வேலை இதனால் ஒழிந்தது.

ஈஎஸ்பியில் சிக்கலே இல்லை என்று சொன்னால் அது பொய். முதல் மாதத்தில் எனக்கு விளங்காத ஒரு கோளாறு இருந்தது: சில மின்வெட்டுகளுக்குப் பிறகு பலகை எழும், சிலவற்றுக்குப் பிறகு எழாது. மின்வழங்கியை மாற்றினேன், கம்பிகளை மறுபடி பற்றவைத்தேன், பலனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான், தொட்டி நிரம்பியிருந்த நாள்களில் மட்டுமே அது எழவில்லை என்பது தெரிந்தது. நிரம்பியதைச் சொல்லும் மிதவை சுவிட்சை 12ஆம் எண் காலில் இணைத்திருந்தேன். தொட்டி நிரம்பினால் சுவிட்சு மூடி அந்தக் காலுக்கு 3.3 வோல்ட் போகும். ஈஎஸ்பி-32 தொடங்கும் நொடியில் அந்தக் காலைப் பார்த்துத்தான் ஃபிளாஷுக்கு எத்தனை வோல்ட் கொடுப்பது என்று முடிவு செய்கிறது; கால் உயர்ந்திருந்தால் 1.8 வோல்ட் கொடுத்துவிடும், 3.3 வோல்ட் வேண்டிய ஃபிளாஷ் அதில் எழாது. ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தத் தொல்லையும் இல்லை, தொடங்கும்போது மட்டும்தான். கம்பியை 27ஆம் எண் காலுக்கு மாற்றினேன், கோளாறு தீர்ந்தது. தவறு என்னுடையது, சில்லின் விவரக் குறிப்பில் இது தெளிவாகவே இருக்கிறது.

இன்னொன்று, ஈஎஸ்பிஹோம் பயன்படுத்துவோர் எல்லோரும் ஒருமுறை அகப்பட்டுக்கொள்ளும் இடம். வீட்டுக் கருவிகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் 15 நிமிடம் தொடர்பில் இல்லாவிட்டால், ஏதோ கோளாறு என்று கருதிப் பலகை தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். வைஃபை இல்லாவிட்டாலும் அப்படியே. ரவுட்டர் படுத்திருந்த ஒரு மாலையில் பம்பு கால் மணிக்கு ஒருமுறை நின்று நின்று ஓடியதைக் கேட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அமைப்புக் கோப்பில் அந்த இரண்டு காலக்கெடுவையும் பூச்சியமாக்கினால் போதும்.

சென்சார் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் தூரத்தை அளக்கும் மலிவான எச்.சி.-எஸ்.ஆர்.04 மீயொலிச் சென்சார் 5 வோல்ட்டில் பதில் சொல்லும். பை, ஈஎஸ்பி இரண்டின் கால்களும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். தொட்டிக்குள் ஆவி படிந்து அந்தச் சென்சார் இரண்டே மாதத்தில் கெட்டதால், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தடையைக் காட்டும் சென்சார் போன்ற நீர்புகாத வகைக்கு மாறினேன். அது 20, 25 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தூரத்தை அளக்காது. ஆகவே நிரம்பிய மட்டத்துக்கு மேலே அவ்வளவு இடைவெளி இருக்கும்படி மூடியில் பொருத்த வேண்டும். என் தொட்டியின் குறுக்களவு 1.4 மீட்டர், ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 15 லிட்டர். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிழைக்காக நான் அலட்டிக்கொள்வதில்லை.

மின்செலவைப் பொறுத்தவரை, வைஃபையில் இருக்கும் ஈஎஸ்பி-32 அரை வாட் அளவில் நிற்கிறது. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும் பவர் பேங்கில், இழப்பெல்லாம் போக 60 வாட் மணி கிடைப்பதாக வைத்தால், பை 4 இருபது மணி நேரம் ஓடும். ஈஎஸ்பி ஐந்து நாள் ஓடும். பலகையை இடையிடையே ஆழ்ந்த தூக்கத்தில் வைத்து மாதக்கணக்கில் ஓட்டலாம் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மிகக் குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்தால், ஒன்றும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். என்னுடையது அப்படித்தான் செய்தது.

ராஸ்பெர்ரி பை பைக்கோ டபிள்யூ பலகையையும் இந்த வேலைக்குப் பார்க்கலாம். பெயரில் பை இருந்தாலும் அதுவும் நுண்கட்டுப்படுத்திதான்; ஆகவே மின்வெட்டு விஷயத்தில் அது ஈஎஸ்பியின் கட்சி. மைக்ரோபைத்தானில் எழுதிப் பழகியவர்களுக்கு அது இனிமையாக இருக்கும். மூன்று வாரம் மட்டுமே மேசையில் வைத்துப் பார்த்தேன், தொட்டியில் ஏற்றவில்லை என்பதால் இதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதேபோல, என் ஈஎஸ்பி வெளியே இருக்கும் காலமும் இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல்தான். கடற்காற்றில் ரிலேயின் திருகுகள் பச்சை பூக்கத் தொடங்கியிருக்கின்றன. பெட்டிக்குள் ஒருமுறை பல்லி ஒன்று செத்துக் கிடந்தது. பலகைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பையை எதற்கு வாங்க வேண்டும் என்றால், வாசல் கேமராவின் படங்களைப் பதிவு செய்ய, வீட்டுக் கருவிகளின் கணக்கையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வரைபடமாகப் பார்க்க, பிள்ளைகளுக்கு லினக்ஸ் பழக்க. அந்த வேலைகளில் ஈஎஸ்பி அதன் பக்கத்தில்கூட வர முடியாது. மறுவிலையிலும் பைக்கே மதிப்பு. பழைய ஈஎஸ்பியை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். நான் பையை விற்கவில்லை. அது இப்போது வரவேற்பறையில், ரவுட்டரின் பக்கத்தில், ஒரு யுபிஎஸ்ஸின் நிழலில் உட்கார்ந்து ஹோம் அசிஸ்டன்டை ஓட்டுகிறது. 2024 மார்ச் இறுதியில் லோட் ஷெட்டிங் நின்று நீண்ட இடைவெளி கிடைத்தபோது, பையையே மறுபடி தொட்டியடியில் வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. 2025 தொடக்கத்தில் மின்வெட்டு திரும்பி வந்து எட்டிப் பார்த்ததும் அந்த எண்ணம் போயிற்று. அதுபோக, கம்பித் திருட்டாலும் மழையாலும் போகும் மின்சாரத்துக்கு அட்டவணையே கிடையாது.

ஆகவே தம்பி, பாட்டி வீட்டுக்கு ஈஎஸ்பி-32 வாங்கு. ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, இரண்டிலும் ஒரே நிரலை ஏற்றி, ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்துவிடு. முதலாவது என்றாவது கெட்டால் கம்பிகளை மாற்றிச் செருகினால் போதும், நீ ஜோகன்னஸ்பர்க்கில் படித்துக்கொண்டிருந்தாலும் உன் மாமாவால் அதைச் செய்ய முடியும். பம்பின் 230 வோல்ட் பக்கத்தை மட்டும் நீ தொடாதே, உரிமம் உள்ள மின்பணியாளரைக் கூப்பிடு. ரிலேயைத் தாண்டிப் பம்பை நேராக ஓட்ட ஒரு சாதாரணக் கைச்சுவிட்சையும் அவரையே பொருத்தச் சொல். என் வீட்டில் அந்தச் சுவிட்சு கடைசியாகத்தான் வந்தது, அம்மா கேட்டு.