லூப்: எடுத்தால் போதுமா, புதிது வைக்கலாமா?

லூப் என்பது கருப்பைக்குள் வைக்கும் சின்ன T வடிவக் கருத்தடைச் சாதனம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து அரசு கிளினிக்குகளில் கருத்தடைக்குக் கட்டணம் இல்லை. ஆகவே யோசிக்க வேண்டியது உடம்பைப் பற்றித்தான்.

எடுப்பது மட்டும் என்றால் வேலை சுருக்கம். ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவி) வைத்து, கருப்பை வாயில் தொங்கும் நூலை இடுக்கியால் பிடித்து ஒரே சீராக இழுப்பார்கள். லூப்பின் கைகள் மடங்கி வெளியே வரும். பெரும்பாலும் ஓரிரு நிமிடம், ஒரு சுளீர் வலி. நூல் கண்ணில் படாவிட்டால்தான் சிக்கல்: கர்ப்பப் பரிசோதனை, பிறகு ஸ்கேன், அதிலும் காணோமென்றால் எக்ஸ்ரே.

மாற்றுவதில் முதல் பாதி இதேதான். வலி இரண்டாம் பாதியில். கருப்பை வாயை இறுகப் பிடித்து, மெல்லிய கம்பியால் ஆழம் பார்த்து (பொதுவாக 6 முதல் 9 செ.மீ.), புதியதை வைத்து, நூலைச் சுமார் 3 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். மாதவிலக்கு நாள்போல அடிவயிறு பிடிக்கும். சிலருக்குத் தலைசுற்றும், சட்டென எழுந்திருக்காதீர்கள். கருப்பையில் துளை விழுவது 1,000 பேரில் ஓரிருவருக்கு. தானாக வெளியேறுவது 20 பேரில் சுமார் ஒருவருக்கு, அதுவும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்.

இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றால், இரண்டுக்குமே முந்தைய 7 நாள் ஆணுறை தேவை. விந்தணு உள்ளே 5 நாள்வரை உயிரோடிருக்கும். காப்பர் லூப்பை எடுத்த கணமே பாதுகாப்பு போய்விடும். மாற்றத்தானே போகிறோம் என்று ஆணுறையை விட்டுவிடுகிறார்கள். அன்றைக்குப் புதியது உள்ளே போகாவிட்டால்?

40 வயதிலோ அதற்குப் பிறகோ வைத்த காப்பர் லூப் என்றால் மாற்ற அவசரப்படாதீர்கள். மாதவிடாய் நிற்கும்வரை அதையே விட்டுவைக்கலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள்.