எம்டன் கப்பல் மாடல்: நாலு வருஷம் வச்சிருந்து பாத்த அனுபவம்

எங்க பாட்டி ஒருத்தர "அவன் சரியான எம்டன்"னு சொன்னா அது பாராட்டா திட்டான்னு அவங்க முகத்தப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையும் எம்டன்தான், ராத்திரில கோழி புடிக்க வர்ற மூசாங்கும் (மரநாய்) எம்டன்தான். அது மொத உலகப் போர்ல ஓடின ஒரு ஜெர்மன் போர்க்கப்பலோட பேருன்னு அவங்களுக்கும் தெரியாது, முப்பது வயசு வரைக்கும் எனக்கும் தெரியாது. அப்புறம் எம்சிஓ-ல (மலேசியாவோட கொரோனா ஊரடங்கு) சுங்கை சிப்புட் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தப்ப ஆன்லைன்ல ரெவெல் கம்பெனியோட 1/350 எம்டன் கிட்டு, அதாவது நெசக் கப்பல்ல 350-ல ஒரு பங்கு அளவுல நாமளே ஒட்டிக் கட்டுற பிளாஸ்டிக் பாகங்க, கண்ணுல பட்டுச்சு, என்ன ஏதுன்னு யோசிக்காம ஆர்டர் பண்ணிட்டேன்.

கட்டி முடிக்க பதினோரு மாசம் ஆச்சு, ஆலைல ஷிப்டு முடிச்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னுதான் உக்கார முடியும். நெசக் கப்பல் 118 மீட்டர், மாடல் 34 செ.மீ., பள்ளிக்கூட ரூலர விட கொஞ்சம் நீளம், அவ்ளோதான். இந்த அளவுல ஒரு ஆளு 5 மில்லிமீட்டர் தான் இருப்பான். கைப்பிடிக் கம்பியெல்லாம் பித்தளைல தனியா வாங்கி ஒட்டினேன். ட்வீசர்ல புடிச்சது டப்புன்னு தெறிச்சு எங்கயோ போயிடும், அப்புறம் கைல டார்ச் லைட்டோட தரையில தவழணும். ஒருநாள் என் வூட்டுக்காரம்மா பாத்துட்டு "என்ன, தாலியத் தொலைச்ச மாதிரி தேடுறீங்க"ன்னு கேட்டாங்க.

நம்ம ஊரு ஈரக்காத்தப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், வெளிநாட்டுக்காரங்க வீடியோல இத யாரும் சொல்லமாட்டாங்க. சாயங்காலம் மழை பேஞ்சு முடிஞ்ச கையோட லேக்கர் பெயிண்ட ஏர்பிரஷ்ல அடிச்சேன், காஞ்சதுக்கப்புறம் பாத்தா கப்பல் உடம்பு முழுக்க விபூதி பூசின மாதிரி வெளுத்துப் போயிருக்கு. காத்துல இருக்குற ஈரம் பெயிண்ட் மேல படிஞ்சு பண்ற வேலை அது. அதுக்கப்புறம் வெயில் நல்லா ஏறின பெறகு மட்டுந்தான் அடிப்பேன், மெதுவா காயறதுக்கு ரிடார்டர் நாலு சொட்டு விடுவேன். சூப்பர் குளூவ சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பால போட்டு ஐஸ்பெட்டில சம்பால் போத்தலுக்குப் பக்கத்துல வச்சிருக்கேன், இதுக்கு வீட்ல இன்னும் சம்மதம் கெடைக்கல.

ரெண்டு கொடிமரத்துக்கும் நடுவுல ஓடற வயர்லெஸ் கம்பிய, கிட்டுல மிச்சமான பிளாஸ்டிக் குச்சிய மெழுகுவத்தில காட்டி இழுத்து முடி மாதிரி நூலாக்கித்தான் கட்டினேன். தொய்ஞ்சு போச்சுன்னா சாமி மேடைல இருந்து ஊதுபத்தி எடுத்துப் பக்கத்துல (படாம!) காட்டுங்க, சூட்டுல அதுவா இறுகிடும். ஆனா ரெண்டாவது வருஷத்துல அதுல ரெண்டு இழை அறுந்துபோச்சு. அப்பறம் ரப்பர் மாதிரி இழுபடற எலாஸ்டிக் நூலுக்கு மாத்திட்டேன், இன்னிக்கு வரைக்கும் நிக்குது. மத்தபடி பெயிண்ட் உரியல, ஒட்டு விடல. பல்லி எச்சம்தான் பெரிய எதிரி, கடைசில போர்டு எழுதற கடைல சொல்லி அக்ரிலிக் பெட்டி செஞ்சேன், அத மொத நாளே செஞ்சிருக்கணும்.

இவ்ளோ கஷ்டப்பட்டு இத ஏன் செய்யணும்னு கேப்பீங்க. இதுல எனக்குப் புடிச்சதே அந்த நாலாவது புகைபோக்கிதான். எம்டனுக்கு நெசமா மூணுதான். கேப்டன் வான் முல்லர் கித்தான் துணியில பொய்யா ஒண்ணு செஞ்சு நிமித்தி, தூரத்துலருந்து பாத்தா பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரிய வச்சாரு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் போயி எண்ணெய்த் தொட்டிய எரிய விட்ட கப்பல், அடுத்த மாசம் 28ந்தேதி விடியக்காலைல இந்த வேஷத்தோட பினாங்குத் துறைமுகத்துக்குள்ளயே வந்துச்சு. அங்க நின்ன ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்க டார்பிடோ விட்டு மூழ்கடிச்சது, எண்பது பேருக்கு மேல செத்தாங்க. வெளிய போற வழில பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கே ஒண்ணையும் முடிச்சுட்டு, தண்ணில தத்தளிச்சவங்களத் தூக்கிக் காப்பாத்தவும் செஞ்சது. பன்னெண்டு நாள்ல கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதையும் அடிச்சுருச்சு.

இதெல்லாம் புத்தகத்துல படிச்சா ரெண்டு பக்கம். ஆனா ஒரு ஸ்ட்ராவ அறுத்து, டிஷ்யூ பேப்பர கம்முல நனைச்சுச் சுத்தி அந்தப் பொய்ப் புகைபோக்கிய நான் செஞ்சப்ப, இத இருட்டுல ஆடுற கப்பல் மேல கட்டி நிமித்தின பையன்களுக்குக் கை நடுங்கியிருக்காதான்னு தோணுச்சு. அத மட்டும் ஒட்டவே இல்ல, எடுத்து எடுத்து வைக்கலாம். வீட்டுக்கு வர்றவங்களுக்கு மொத மூணு காட்டி, அப்பறம் நாலாவத வச்சுக் காட்டுவேன்.

போன தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை கோயிலுக்குப் போனப்ப, அங்க வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைல ஜெம்சுக் மாலுமிங்களோட நினைவுக்கல்லையும் போயிப் பாத்துட்டு வந்தேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து மாடலப் பாத்தப்ப பெருமையா இல்ல, ஒரு மாதிரி இருந்துச்சு.

வாங்கலாமான்னா, மொத கிட்டா இத வாங்காதீங்க. மலிவா, இதுல பாதி அளவுல வர்ற ஒரு 1/700 எடுத்து நாலு தப்புப் பண்ணிட்டு வாங்க. நாப்பது தாண்டின கண்ணுன்னா 1/700 பக்கமே போகாதீங்க, பாகம் மொளகு சைசு கூட இருக்காது. இத நான் சொல்றேன், ஆனா என் அலமாரி மேல டாமியா கம்பெனியோட 1/700 பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ்னு ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிட்டும் இருக்கு, 1941 டிசம்பர் 10ல குவாந்தான் கடல்ல ஜப்பான் விமானம் மூழ்கடிச்ச அதே ஜோடி. பெட்டி இன்னும் பிரிக்கல. மழை விடட்டும்னு காத்திருக்கேன்.