இன்ஃபோகிராஃபிக் ஆப், ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன் (5க்கு 3)

நான் நர்சிங் ஸ்டூடண்ட்ஸுக்கு கிளாஸ் எடுக்குறேன், வார்டுல பேஷண்ட்டுக்கு எடுத்து சொல்ற வேலையும் என்னோடதுதான், சரி ரெண்டுக்கும் ஒரே ஆப்ல படம் போட்டுக்கலாம்னு காசு கட்டி எடுத்தேன். பேரு வேணாம், குறையும் சொல்லப் போறேன்.

மொதல்ல நல்லது. பத்துக்கு பத்துன்னு நூறு ஆள் பொம்மை கட்டம் ரெடியா இருக்கு, எத்தனை பேர கலர் பண்ணணுமோ பண்ணிக்கலாம். "இந்த மருந்து ஆபத்த 50% குறைக்கும்"னு சொன்னா எல்லாரும் வாய பொளப்பாங்க, ஆனா 100 பேர்ல 2 பேருக்கு வர்றது 1 பேருக்குன்னு ஆனாலும் அது 50% தானே. கட்டத்துல போட்டு காட்டுனதும் ஒரு பையன் "இவ்ளோதானா மேம்"னு கேட்டான். அரை மணி நேரம் தொண்டை கிழிய கத்தியும் ஏறாத விஷயம்.

ஆனா சார்ட் டெம்ப்ளேட்ல எண்ணிக்கை ரெண்டு மடங்குன்னா பொம்மையோட உயரத்தையும் அகலத்தையும் சேர்த்து ரெண்டு மடங்காக்கி வெக்குது, பாக்குறவங்களுக்கு நாலு மடங்கா தெரியும். கிரிமியா போர்ல சோல்ஜர்ஸ் எதனால செத்தாங்கன்னு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858லயே வட்டப் படம் போட்டு பரப்பளவ வெச்சு சரியா காட்டுனாங்க, இவங்களுக்கு இன்னும் அது எட்டல.

பெரிய கூத்து இன்ஹேலர் போஸ்டர்ல. ரெண்டு பத்தி, மூணு வரிசை, ஆறு கட்டம்: மூடிய திற, குலுக்கு, மூச்ச வெளிய விடு, அழுத்திக்கிட்டே மெதுவா உள்ள இழு, 10 செகண்ட் மூச்ச பிடி, வாய கொப்பளி. டெம்ப்ளேட்ல நம்பர் கிடையாது, நானும் கவனிக்கல, பாக்க அழகா இருந்துச்சுன்னு பிரிண்ட் போட்டு ஒட்டிட்டேன். ஒரு பெரியவர் குறுக்கால படிக்காம மேலருந்து கீழ படிச்சுட்டாரு. அதாவது மூடிய திறந்தாரு, மூச்ச எல்லாம் வெளிய விட்டாரு, அப்புறம் முழிய பிதுக்கிக்கிட்டு மூச்ச பிடிச்சுட்டு நிக்குறாரு, மருந்தே இன்னும் உள்ள போகல! அவர் மேல தப்பே இல்ல. ஸ்டூடண்ட்ஸ் முப்பது பேரு அதே போஸ்டர பாத்தாங்க, ஒருத்தரும் தடுமாறல, ஏன்னா அவங்களுக்கு ஏற்கனவே ஸ்டெப்ஸ் தெரியும்.

ஒரே பத்தியா மாத்தலாம்னா டெம்ப்ளேட் விடல, ஒவ்வொரு கட்டமா கையால இழுத்து வெச்சு நம்பர பெருசா போட ஒரு மணி நேரம் ஆச்சு. தமிழ் எழுத்து வேற, பிடிஎஃப்பா எறக்குனா "கொப்பளி"ல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், படமா எறக்குனா மட்டும் ஒழுங்கா வருது. கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன், பதில் வந்துச்சு, வேலை நடக்கல.

கிளாஸுக்கு மட்டும்னா தாராளமா வாங்குங்க. புது போஸ்டர அதே பெரியவர்கிட்ட காட்டுனேன், ஒன்னுலருந்து ஆறு வரைக்கும் விரல் வெச்சு சரியா படிச்சுட்டு, "சிஸ்டர், நாலாவது படத்துல இருக்குறவன் வாயிலயா வெக்குறான் மூக்குலயா?"ன்னு கேக்குறாரு. அந்த படம் ஆப்ல உள்ளதுதான், மாத்த முடியாது.