கர்சர் எழுத்தின் எந்தப் பக்கம் நிற்கிறது? திரைவாசிப்பானோடு நெடுநாள் எழுதிய அனுபவம்

திரையில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள்களான திரைவாசிப்பான்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது குரல் எப்படி இருக்கிறது என்றுதான். குரல் சீக்கிரமே பழகிவிடும். படிக்க மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இன்றைக்கு இருக்கிற எந்தத் திரைவாசிப்பானும் ஏறக்குறையப் போதுமானது. எழுதி, எழுதியதைத் திருத்தி, திருத்தியதைக் கலைத்து மறுபடி எழுதுகிறவருக்குத்தான் அதன் குணம் தெரியவரும். அதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு விசை போதும்: வலது அம்புக்குறி.

'கடல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கர்சர் 'க'வுக்கு முன்னால் இருக்கிறது. விண்டோஸில் என்விடிஏ அல்லது ஜாஸ் என்ற திரைவாசிப்பான் இயங்கும்போது வலது அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் 'ட' என்று கேட்கும். மேக் கணினியின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர், அதன் இயல்பான அமைப்பில், அதே விசைக்குக் 'க' என்று சொல்லும். இரண்டிலும் கர்சர் நிற்கும் இடம் ஒன்றுதான், 'க'வுக்கும் 'ட'வுக்கும் நடுவே. முன்னது அடுத்து இருப்பதைச் சொல்கிறது. பின்னது இப்போது தாண்டிவந்ததைச் சொல்கிறது. இரண்டும் உண்மையே. ஆனால் ஒன்றில் ஊறிய கை மற்றொன்றில் போய் உட்கார்ந்தால் நல்ல எழுத்தெல்லாம் அழிந்து, வேண்டாத எழுத்து அப்படியே நிற்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வேறுபாடு வலப்பக்கம் நகரும்போது மட்டும்தான். இடப்பக்கம் நகர்ந்தால் தாண்டிய எழுத்தே கர்சருக்கு வலப்பக்கம் வந்து விழுகிறது; ஆகவே இரு முறைகளும் ஒரே எழுத்தைத்தான் சொல்லும். மேக்கில் வலப்பக்கம் போய்விட்டு உடனே இடப்பக்கம் திரும்பினால் அதே எழுத்து இரண்டாம் முறை கேட்பதற்கும் இதுதான் காரணம். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுக் கர்சர் நகரவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார்கள். கர்சர் நகர்ந்துதான் இருக்கும். ஐபோனில், விரலைத் தள்ளும்போது எதன்படி நகரவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ரோட்டாரை 'எழுத்துகள்' என்று வைத்து விரலை மேலும் கீழும் தள்ளும்போதும் இதே இரட்டைக் குரல்தான்.

எது சரி? என் கை விண்டோஸில் பழகியது, ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் மேக்கின் முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல் விசையோடு வலது அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் அடுத்த சொல்லின் தொடக்கத்தில் போய் நிற்கும். அந்தச் சொல்லை வாசிப்பதுதான் பொருத்தம். மேக்கில் ஆப்ஷன் விசையோடு அழுத்தினால் சொல்லின் முடிவில் நிற்கும். அங்கே தாண்டிய சொல்லை வாசிப்பதே பொருத்தம். அதாவது கர்சர் எங்கே போய் நிற்க வேண்டும் என்று இயங்குதளம் முடிவுசெய்திருக்கிறதோ, வாசிப்பும் அதையே பின்பற்றுகிறது. விண்டோஸ் முறையின் வேர் இன்னும் பழையது என்பது என் ஊகம். ஜாஸ் 1989இல், எழுத்துகள் மட்டுமே தெரியும் திரைகொண்ட பழைய இயங்குதளமான டாஸுக்காக எழுதப்பட்டது. டாஸ் திரையில் கர்சர் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நிற்கும் கோடு அல்ல. ஓர் எழுத்தின் கட்டத்திலேயே மின்னும் குறி. அது நிற்கும் கட்டத்தில் உள்ள எழுத்தைச் சொல்வதில் அப்போது குழப்பமே இருந்திருக்காது. கட்டம் போய்க் கோடு வந்த பிறகும் பேச்சு மட்டும் மாறவில்லை.

வாய்ஸ்ஓவர் யுடிலிட்டியில் இதை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 'கர்சர் கடக்கும் உரையைச் சொல்', 'கர்சருக்கு வலப்பக்க உரையைச் சொல்' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு கணினிகளிலும் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் முதல் நாளே இதை மாற்றிவிடுவது நல்லது. மேக்கில் மட்டுமே எழுதுகிறவர்கள் கைவைக்கவேண்டாம். அங்கே 'டெலிட்' என்று பெயர் பொறித்த விசை செய்வது பேக்ஸ்பேஸின் வேலை. வலப்பக்கம் நகர்ந்து, எழுத்தைக் கேட்டு, டெலிட்டை அழுத்தினால் கேட்ட எழுத்தே போகும். விண்டோஸிலும் கேட்ட எழுத்தை அழிப்பது டெலிட் விசைதான், ஆனால் அது எதிர்த் திசையில் அழிப்பது. இரண்டு எதிர்நிலைகள் சேர்ந்து ஒரே விடையைத் தருவது வேடிக்கைதான்.

அழிப்பதை அறிவிக்கும் விதமும் இப்படித்தான் இருவேறாக இருக்கிறது. என்விடிஏவில் பேக்ஸ்பேஸை அழுத்தினால் போன எழுத்தைச் சொல்லும். டெலிட்டை அழுத்தினால் போனதைச் சொல்லாது. அந்த இடத்துக்கு இப்போது வந்து நிற்கும் எழுத்தைச் சொல்லும். 'கடல்' என்பதில் 'ட'வுக்கு முன்னால் நின்று டெலிட்டை அழுத்தினால் கேட்பது 'ல்'. தெரியாதவர் 'ல்' போய்விட்டதென்று பதறுவார். தெரிந்துகொண்டபின் இது வசதியே: போனது எதுவென்று முன்பே கேட்டாயிற்று, மிஞ்சியது எதுவென்பதுதான் இனி வேண்டிய செய்தி.

மேல், கீழ் அம்புக்குறிகளில் உள்ள பொறி இதைவிட நுட்பமானது. கீழே ஒரு வரி இறங்கினால் முழு வரியும் முதலிலிருந்து வாசிக்கப்படும். காது வரியின் தொடக்கத்தில் இருக்கும். கர்சரோ முந்தைய வரியில் எந்த நெடுக்கையில் இருந்ததோ ஏறக்குறைய அதே நெடுக்கையில், வரியின் நடுவிலோ கடைசியிலோ நிற்கும். வரி வாசிக்கப்பட்ட கையோடு தட்டச்சு செய்யத் தொடங்கினால் புதிய சொல் பழைய சொல்லின் வயிற்றுக்குள் போய் விழும். வரி மாறியதும், கர்சரை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும் ஹோம் விசையை அழுத்துவது எனக்கு மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது.

நிறுத்தற்குறிகள் வேறு ஒரு தொல்லை. வரியாக வாசிக்கும்போது, என்விடிஏவின் இயல்பான நிலையில், காற்புள்ளி சொல்லப்படாது. குரலின் இடைவெளியாக மட்டுமே தெரியும். எழுத்தெழுத்தாக நகர்ந்தால்தான் பெயர் சொல்லிக் கேட்கும். பிழைதிருத்தும் வேளையில் மட்டும் என்விடிஏ விசையோடு (அதன் கட்டளைகளுக்கென வைத்த விசை, இயல்பாக இன்சர்ட்) 'பி'யை (P) தட்டி எல்லாக் குறிகளையும் சொல்லும் நிலைக்கு ஏற்றிவிடுவேன், முடிந்ததும் இறக்கிவிடுவேன். எப்போதும் ஏற்றியே வைத்திருக்கிறவர்களும் உண்டு. அவர்கள் பொறுமைக்கு என் வணக்கம்.

இனித் தமிழ். ஆங்கிலத்தில் திருத்தி எழுதப் பழகியவர் தமிழுக்கு வந்ததும் தரை நழுவுவது இங்கேதான். கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடில் 'ன்' என்பது ஒரு குறியீடு அல்ல. 'ன' ஒன்று, புள்ளி ஒன்று. 'கொ' என்பதும் 'க'வும் ஒகரக் குறியும் சேர்ந்தது. அம்புக்குறியும் டெலிட்டும் இவற்றைப் பெரும்பாலும் ஒரே எழுத்தாக நடத்துகின்றன: ஒரு நகர்வில் முழு 'கொ'வும் தாண்டப்படும், ஒரு டெலிட்டில் முழு 'கொ'வும் போகும். பேக்ஸ்பேஸ் அப்படியல்ல. விண்டோஸ் செயலிகளில் பொதுவாக அது கடைசிக் குறியீட்டை மட்டும் எடுக்கும். 'நான்' என்பதன் கடைசியில் ஒருமுறை அழுத்தினால் மிஞ்சுவது 'நா' அல்ல, 'நான'. இது பார்வையுள்ளவர்களுக்கும் உள்ள வழக்கம்தான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தட்டச்சில் கடைசியாகப் போட்டது புள்ளி, அதை மட்டும் எடுக்க முடிவது நல்லதே. சிக்கல் அறிவிப்பில். அழுத்துவதற்கு முன் கர்சருக்குப் பின்னால் இருந்த முழு எழுத்தும் 'ன்' என்று சொல்லப்படும். உண்மையில் போனது புள்ளி மட்டும். காதை நம்பினால் 'ன்' போய்விட்டது. ஆவணத்தில் 'ன' உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தமிழில் பேக்ஸ்பேஸ் சொல்வதை நான் நம்புவதே இல்லை. அழித்த கையோடு இடப்பக்கம் ஒருமுறை நகர்ந்து மிஞ்சியது என்னவென்று கேட்டுக்கொள்வேன்.

இன்னொன்று, காதால் பிரிக்க முடியாத எழுத்துகள். 'ந'வும் 'ன'வும் தனித்து ஒலிக்கும்போது பல குரல்களில் வேறுபாடு இல்லை. 'ர', 'ற' அப்படியே. சில குரல்களில் 'ல', 'ள' கூட ஒன்றுபோலக் கேட்கும். எண் விசைப்பலகையின் 2ஐ அழுத்தினால் என்விடிஏ கர்சர் இருக்குமிடத்து எழுத்தைச் சொல்லும். விரைந்து மூன்று முறை அழுத்தினால் அந்த எழுத்தின் யுனிகோடு எண்ணையே சொல்லும். எண் பகுதி இல்லாத விசைப்பலகையில், மடிக்கணினி அமைப்பில், என்விடிஏ விசையோடு முற்றுப்புள்ளி. 'ந' 2984, 'ன' 2985; 'ர' 2992, 'ற' 2993; 'ல' 2994, 'ள' 2995, 'ழ' 2996. முதலில் இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். பெயர்களைச் சரிபார்க்கும்போது இதைவிட உறுதியான சாட்சி கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்கு இவ்வளவு பாடு இல்லை: என்விடிஏ 2022.3இல் வந்த ஒரு வசதியை இயக்கிவிட்டால், கர்சர் ஓர் எழுத்தில் சற்றே தங்கும்போது 'பி' (B) என்பதைத் தொடர்ந்து 'பிராவோ' என்று தானாகவே விளக்கிவிடும்.

சில இடங்களில் எந்த முறையும் உதவாது, ஏனென்றால் அங்கே வாசிப்பானுக்கே கர்சர் எங்கே என்று தெரியாது. அம்புக்குறியை அழுத்தியதும் நடப்பது இது: என்விடிஏ விசையைச் செயலிக்குக் கடத்திவிட்டு, கர்சர் நகர்ந்ததா என்று சற்றுநேரம் காத்திருக்கிறது, நகர்ந்தது தெரிந்ததும் புதிய இடத்தில் உள்ளதை வாசிக்கிறது. இந்தக் காத்திருப்பின் எல்லை இயல்பாக 100 மில்லிவிநாடி. செயலி அதற்குள் பதில் சொல்லாவிட்டால் பழைய எழுத்தே மறுபடி கேட்கும், அல்லது ஒன்றும் கேட்காது. கனமான ஆவணங்களில் எனக்கு இது நேர்ந்தபோது, மேம்பட்ட அமைப்புகளில் அந்த எல்லையைக் கூட்டியது பயன் தந்தது. ஆனால் எழுத்துகளைக் கேன்வாஸில் படமாக வரைந்து காட்டும் இணைய எழுதுதளங்களுக்கு இந்த மருந்து செல்லாது. அங்கே வாசிப்பான் பார்க்க உரையே இல்லை. எதைச் சொல்லவேண்டும் என்பதைத் தளமே தனியாக அனுப்பவேண்டும். நான் வேலைக்காகப் பயன்படுத்த நேர்ந்த ஒரு தளத்தில் அம்புக்குறிக்கு மௌனம்தான் பதில். அதில் எழுதுவதையே விட்டுவிட்டேன். நோட்பேடில் எழுதி ஒட்டிவிடுகிறேன். தவறான எழுத்தைச் சொல்கிற வாசிப்பானோடுகூட ஒத்துப்போகலாம், அது எந்த ஒழுங்கில் தவறுகிறது என்று கற்றுக்கொள்ளலாம். மௌனத்திடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

திரையில் உள்ளதைத் தொட்டு வாசிக்கும் புள்ளிகளாகக் காட்டும் பிரெயில் திரை வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தின் அடியிலுள்ள ஏழாம், எட்டாம் புள்ளிகள் கர்சர் இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். திருத்தவேண்டிய எழுத்துக்கு மேலுள்ள ரௌட்டிங் விசையைத் தட்டினால் கர்சர் அங்கேயே வந்துவிடும். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வியே எழாது. தமிழில் மட்டும் ஒரு நெருடல்: பிரெயிலில் புள்ளி மெய்யெழுத்துக்கு முன்னால் வரும், கணினி உரையிலோ பின்னால். ஆகவே விரலுக்குக் கீழே இருக்கும் கட்டமும் ஆவணத்தில் இருக்கும் குறியீடும் சில இடங்களில் நேருக்குநேர் பொருந்துவதில்லை.

தட்டச்சு ஒலிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்துகளைச் சொல்வதை நிறுத்திவிட்டுச் சொற்களைச் சொல்வதை மட்டும் வைத்திருக்கிறேன். என்விடிஏ விசையோடு 2, 3 ஆகியவை இந்த இரண்டையும் மாற்றும். தமிழ்த் தட்டச்சில் ஒவ்வொரு உயிர்க்குறியும் தனியாக ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டு ஒருவர் எப்படி வாக்கியம் யோசிக்க முடியும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

திருத்துவதில் எனக்கு இன்று நிலைத்துவிட்ட முறை, பக்கக் குழப்பத்தையே சுற்றிக்கொண்டு போவது. ஷிப்டை அழுத்திக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டினால், விண்டோஸிலும்கூட, சொல்லப்படுவது தாண்டிய எழுத்துதான்: இன்னது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று. முன்னால் என்ன, பின்னால் என்ன என்ற யோசனையே வேண்டாம். கேட்டது எதுவோ அதுவே கையில் இருக்கிறது. அதன்பிறகு அழித்தால் 'ன்' முழுதாகப் போகும், புள்ளி மட்டும் போகாது. அழிக்கக்கூட வேண்டாம், மேலேயே தட்டச்சு செய்தால் பழையது போய்ப் புதியது வந்துவிடும். ஐயமிருந்தால் என்விடிஏ விசை, ஷிப்ட், மேல் அம்புக்குறி மூன்றையும் சேர்த்துத் தட்டினால் தேர்ந்தெடுத்ததை மறுபடி வாசிக்கும். ஒரு விசை கூடுதலாக ஆகிறது. மேக்கில் போய் உட்கார்ந்தாலும் இதே பழக்கம் அப்படியே வேலை செய்கிறது.