உள்ளரங்க ஆட்டத்துக்கு எந்த லென்ஸ்: 85-ஆ, 70-200-ஆ?

எந்தப் பள்ளியின் ஆண்டு மலரை வேண்டுமானாலும் எடுத்து விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள். கோப்பையோடு நிற்கும் குழுப் படம் இருக்கும், தலைமையாசிரியரோடு கைகுலுக்கும் படம் இருக்கும். பிள்ளைகள் ஆடுகிற படம் இருக்காது. இருந்தாலும் வெயிலில் எடுத்த ஓட்டப்பந்தயமாகத்தான் இருக்கும். அரங்கத்துக்குள் நடந்த பேட்மிண்டனோ கூடைப்பந்தோ தப்பித்தவறி வந்திருந்தால், முகம் எது கை எது என்று தெரியாத ஒரு நீலப் பிசிறு. மகளின் பள்ளி அணியோடு மூன்று வருடமாகக் குறுவட்டம், மாவட்டம் என்று அலைந்து, அந்தப் பிசிறை ஆயிரக்கணக்கில் நானே எடுத்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது கேனன் 80டி. 24 மெகாபிக்சல், கிராப் சென்சார் (படம் பதியும் சில்லு, அளவில் சிறியது). 85, 70-200 என்பதெல்லாம் மில்லிமீட்டரில் லென்ஸின் குவியத் தூரம்; எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், ஃப்ரேமில் அடங்கும் பரப்பு குறையும். கீழே வரும் தூரக் கணக்கெல்லாம் இந்த சென்சாருக்கானது. நிக்கான், சோனி கிராப் பாடிகளுக்கும் (லென்ஸ் நீங்கலான கேமரா) கிட்டத்தட்ட இதேதான். ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார், வைத்திருப்பவர்கள் 85 என்று நான் சொல்லும் இடத்தில் 135 என்று படித்துக்கொள்ளலாம்.

முதலில் வெளிச்சம். நாங்கள் அதிகம் போகும் அரங்கம் தகரக் கூரை போட்டது. இரண்டு பக்கமும் எல்இடி, நடுவில் பச்சை மேட். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், கேமராவுக்கு அது அரை இருட்டு. எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு; எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), ஐஎஸ்ஓ 3200 (சென்சாரின் உணர்திறன்; கூடினால் படத்தில் புள்ளி விழும்) வைத்தால் ஷட்டர் ஸ்பீடு 1/500 நொடி கிடைக்கிறது. இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 1/500-ல் ஓடுகிற பிள்ளையின் முகம் நிற்கும், ராக்கெட் பிடித்த கை கொஞ்சம் கலங்கும். ஸ்மாஷ் அடிக்கும் கணம் துல்லியமாக வேண்டுமென்றால் 1/1000-ஐ விட மெதுவாகப் போகக் கூடாது.

கேமராவோடு கூடவே வந்த 55-250-ஐ இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். முழுதாக ஜூம் செய்தால் அதன் அபெர்ச்சர் (திறப்பு) எஃப் 5.6. 2.8 விடுகிற வெளிச்சத்தில் கால்வாசிதான் உள்ளே வரும். அதே 1/500-க்கு ஐஎஸ்ஓ 12,800 தேவை. 80டியில் அந்த எண்ணில் எடுத்தால் முகத்தில் ரவை தூவியது போல இருக்கும். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று மாட்டினால் கணக்கு தலைகீழ்: 2.8-ஐ விட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 3200-லேயே 1/1250 கிடைக்கும். 5.6-க்கும் 1.8-க்கும் நடுவில் கிட்டத்தட்ட பத்து மடங்கு. கடையில் '250 வரைக்கும் இழுக்கும் சார்' என்று சொல்வார்கள். இந்தப் பத்து மடங்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அதனால் 55-250 குப்பை என்று சொல்லவில்லை. வெளியில் தடகளத்துக்கு 375 கிராமில் அதைவிட நல்ல துணை கிடையாது. உள்ளரங்கிலும் சர்வீஸ் போடக் காத்திருக்கும் முகம், பயிற்சியாளர் திட்டும்போது தலை குனிந்து நிற்பது, தோற்ற பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எல்லாம் 1/125-லேயே எடுக்கலாம். சொல்லப்போனால் என் நல்ல படங்களில் சில அப்படி வந்தவைதான். ஆட்டத்தின் வேகத்துக்கு மட்டும் அது ஆகாது.

இனி நிஜப் போட்டி. ஒரு பக்கம் 70-200 எஃப் 2.8. கல்யாண வீட்டிலும் மைதானத்திலும் எல்லார் கையிலும் பார்க்கும் அந்த வெள்ளைக் குழாய். கேனனின் இரண்டாம் பதிப்பு 2010-ல் வந்தது, எடை 1,490 கிராம். மறுபக்கம் 85 எஃப் 1.8, 1992-ல் வந்த பழைய டிசைன், 425 கிராம். விலையிலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். 85-ஐப் பழையதாக வாங்கும் பணம் 70-200-க்கு முன்பணமாகக்கூடக் காணாது.

இரண்டில் எது சிறந்த லென்ஸ் என்று கேட்டால் யோசிக்காமல் 70-200 என்பேன். பள்ளி அரங்கத்துக்கு எது என்று கேட்டால், 'எங்கே நிற்க விடுவார்கள்?' என்று திருப்பிக் கேட்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பேட்மிண்டன் கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். பின்கோட்டுக்கு இரண்டு மீட்டர் பின்னால், மூலையில் தரையில் உட்கார்ந்தால் வலை 8.7 மீட்டரில் இருக்கும். எதிர்ப் பக்கம் நடுவில் ஆடும் பிள்ளை 12 மீட்டர். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் 85-ல் அந்தத் தூரத்தில் மூன்று மீட்டர் உயரத்துக்குச் சற்று மேல் அடங்கும். ஒன்றரை மீட்டர் உயரப் பிள்ளை எம்பி அடித்தாலும் ராக்கெட் வெட்டுப்படாது, மேலே ஷட்டிலுக்கும் இடம் இருக்கும். அதே இடத்தில் 200-க்கு இழுத்தால் 1.3 மீட்டர்தான் அடங்கும்: இடுப்புக்கு மேல், முகம், நெற்றி வியர்வை. அருமையான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த அடியில் பிள்ளை ஓரடி நகர்ந்தால் ஃப்ரேமில் சுவர்தான் இருக்கும். ஒருமுறை 70-200-ஐ வாடகைக்கு எடுத்துப் போய் நாள் முழுக்க எடுத்தேன். வீட்டில் வந்து படங்களின் விவரத்தைப் பார்த்தால் பெரும்பாலானவை 90-க்கும் 140-க்கும் நடுவில். 200-ஐத் தொட்டது வெகு சில. அன்றைக்கே பாதி தெளிந்துவிட்டது.

கேலரியில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லும் அரங்கங்கள் உண்டு. பெரிய போட்டிகளில், பெற்றோர் கீழே இறங்கக் கூடாது என்பார்கள். அங்கே தூரம் 20, 25 மீட்டர். இங்கே 70-200 ராஜா. 25 மீட்டரில் 85 ஆறரை மீட்டர் உயரத்தை அள்ளிக்கொண்டு வரும், பிள்ளை கால்வாசிகூட இருக்க மாட்டாள். அதற்காக இடிந்து போக வேண்டாம். 24 மெகாபிக்சலில் அவளைச் சுற்றி மூன்று மீட்டரை மட்டும் வெட்டி எடுத்தால் ஐந்து மெகாபிக்சல் மிஞ்சும். ஆறுக்கு ஒன்பது அங்குலப் பிரிண்ட் தாராளமாகப் போடலாம். ஆண்டு மலரில் அரைப் பக்கத்துக்கு அது போதும். வாட்ஸ்அப் குரூப்புக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஃபோகஸ் சரியாக இருந்தால்தான் வெட்டுவது எடுபடும் என்பது மட்டும் நிபந்தனை.

ஃபோகஸ் என்றதும் ஒரு பயத்தைச் சொல்வார்கள்: 1.8-ல் திறந்தால் மூக்கு தெரியும், காது மங்கும் என்று. முகத்தை அருகிலிருந்து எடுப்பவர்களுக்கு அது உண்மை. எட்டு மீட்டரில் 85-ஐ 1.8-ல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 60 சென்டிமீட்டர். 200-ல் 2.8 வைத்து 15 மீட்டரில் எடுத்தாலும் அதே 60 சென்டிமீட்டர்தான். இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்று. 85-ல் நிஜமாகவே உறுத்தும் குறை வேறு. முழுதாகத் திறந்தால் வெள்ளை ஜெர்சியின் ஓரத்தில், ட்யூப்லைட்டைச் சுற்றி, ஊதா நிறக் கோடு கசியும். எஃப் 2.2-க்கு வந்தால் குறையும், மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிடலாம். எனக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆட்டோஃபோகஸ் மோட்டார் முப்பது வயது டிசைனுக்கு நம்ப முடியாத வேகம். ஓடி வரும் பிள்ளையை விடாமல் பிடிக்கிறது.

எல்லா 85-உம் அப்படி அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) கேனனுக்கு 2020-ல் வந்த ஆர்எஃப் 85 எஃப் 2 படம் கூர்மையாக எடுக்கும், பூவையும் நகையையும் மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோவாகவும் ஆகும். ஆனால் ஃபோகஸ் ஆடி அசைந்து வரும், விளையாட்டுக்கு அது வேண்டாம். ஆர்10 போன்ற பாடி வைத்திருப்பவர்கள் அடாப்டர் போட்டுப் பழைய 85-ஐ மாட்டுவதே மேல். நிக்கானில் டி3500, டி5600 மாதிரி பாடிகளுக்குள் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 'டி' வகை 85-ஐ வாங்கினால் கையால்தான் திருக வேண்டும். 'ஜி' என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

ஸ்டெபிலைசேஷன் என்ற ஒரு சொல்லுக்காக 70-200-ன் புதிய பதிப்புக்குக் கூடுதலாகக் கொட்டிக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். அது நிறுத்துவது நம் கை நடுக்கத்தை, பிள்ளையின் ஓட்டத்தை அல்ல. 1/500-க்கு மேல் எடுக்கும்போது கை நடுக்கம் ஏற்கனவே கணக்கில் இல்லை. அந்த வசதி இல்லாமல் 1995-ல் வந்த முதல் 70-200 எஃப் 2.8 பழையதாகக் கிடைத்தால், அரங்க விளையாட்டுக்கு அதுவே போதும். மலிவாக இருக்கிறது, வெள்ளையாகவும் இருக்கிறது என்று எஃப் 4-ல் மட்டும் கை வைக்காதீர்கள். இந்தத் தகரக் கொட்டகையில் அது ஐஎஸ்ஓ 6400 கேட்கும்.

எடையைப் பற்றி இளைஞர்கள் சிரிப்பார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் குறுவட்டப் போட்டி மாலை ஐந்து வரை இழுக்கும். நம் பிள்ளையின் ஆட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றரைக் கிலோவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சாம்பார் சாதம் சாப்பிட்டுப் பாருங்கள்.

எடையைவிட வேடிக்கை, அந்த வெள்ளைக் குழாய் செய்யும் சமூக வேலை. அதை மாட்டிக்கொண்டு போன அன்று, "எந்தப் பத்திரிகை சார்?" என்று கேட்டு நாற்காலி போட்டார்கள். 85-ஓடு போனால், "அங்கிள், கோட்டுக்குப் பின்னால போங்க" என்று ஒரு ஏழாம் வகுப்புப் பையன் விரட்டுகிறான். நாற்காலி கிடைத்த அன்றைக்கு இன்னொன்றும் கிடைத்தது: "எங்க பையனையும் ரெண்டு எடுங்க சார்" என்று பன்னிரண்டு பெற்றோர். என் மகளின் அரையிறுதியை நான் பார்க்கவே இல்லை.

கூடைப்பந்து வேறு கதை. கூடைக்குக் கீழே, எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் ஆட்டம் மூன்று, நான்கு மீட்டரில் வந்து விழும். அங்கே 85-ல் ஒரு மீட்டர்தான் அடங்கும், தலையும் பந்தும் வரும், தாவல் வராது. 70-200-உம் அதே பாடுதான், 70-லிருந்துதானே தொடங்குகிறது. இந்த இடத்தில் சாதாரண 50 எஃப் 1.8 இரண்டையும் தோற்கடிக்கும். இன்னும் நெருக்கமென்றால் 35. 2015-ல் வந்த, எஸ்டிஎம் என்ற மோட்டார் கொண்ட 50-ன் ஃபோகஸ் 85 அளவுக்கு வேகமில்லை. அதனால் ஓடி வருபவனைத் துரத்தாமல் கூடைக்குக் கீழே ஓரிடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பேன். பத்தில் நாலு தேறும். பக்கவாட்டுக் கோட்டிலிருந்து எடுப்பதாக இருந்தால் மறுபடி 85-க்கு வந்துவிடலாம்.

135 எஃப் 2, சிக்மாவின் 50-100 எஃப் 1.8 என்று நடுவழியில் இரண்டு ஆசைகள் உண்டு. முன்னது 750 கிராம், பக்கத்துக் கோர்ட்டுக்கு அப்பாலிருந்து எடுக்க அற்புதம். பின்னது காகிதத்தில் சரியான விடை, கையில் 1,490 கிராம். ஆக, எடையில் தப்பிக்க வழியில்லை.

எந்த லென்ஸாலும் தீராத தொல்லை ஒன்று: விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடியும் பழைய ட்யூப்லைட்டும் நொடிக்கு நூறு தடவை மங்கி ஒளிரும். 1/1000-ல் அடுத்தடுத்து ஐந்து படம் எடுத்தால் ஒன்று வெளிச்சம், ஒன்று மங்கல், ஒன்று மஞ்சள். லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து சர்வீஸுக்குக் கொண்டு போனவர்களைத் தெரியும். 80டியின் மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருக்கிறது, அதை ஆன் செய்தால் ஒளி உச்சத்துக்கு வரும்வரை ஷட்டர் காத்திருக்கும். உங்கள் பாடியில் அது இல்லையென்றால் லென்ஸுக்குச் செலவழிப்பதற்கு முன் பாடியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஃப்ளாஷ் போட்டால் தீருமே என்பார்கள். சர்வீஸ் வாங்க நிற்கும் பிள்ளையின் கண்ணில் அடித்துவிட்டு அப்புறம் பி.டி. சார் முகத்தில் விழிக்க முடியாது.

லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் 2023-ல் வந்த டீநாய்ஸ் (புள்ளிகளை நீக்கும் வசதி) இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் அசைத்திருக்கிறது. ரா-வில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் ஐஎஸ்ஓ 6400 முன்பைவிட நிம்மதியாகத் தேறுகிறது. அதனால் 2.8-க்கும் 1.8-க்கும் இருந்த இடைவெளி குறுகியது உண்மை. கலங்கிய கையை அது தெளியவைக்காது, ஷட்டர் ஸ்பீடுக்கு மாற்று இன்னும் வரவில்லை.

பழையதாக வாங்குபவர்கள் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோர ஊர்களில் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். பாடியில் மாட்டி, கடை வாசலில் போகும் ஆட்டோக்களைத் துரத்தி இருபது படம் எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அந்தக் கடை வேண்டாம்.

இப்போது என் பையில் 85 பாடியிலேயே மாட்டியிருக்கிறது, 50 சட்டைப் பையில். கேலரிதான் என்று முன்பே தெரிந்தால் மட்டும் 70-200-ஐ வாடகைக்கு எடுக்கிறேன். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாடகைக்கடையில் இருக்கும் 70-200 எல்லாம் கல்யாண போட்டோகிராபர்களுக்குத்தான் முதலில் போகும். முகூர்த்த நாளில் போய் நின்றால் வெறும் பெட்டிதான் இருக்கும். குறுவட்டப் போட்டி ஆடி மாதத்தில் வந்தால் கவலையே இல்லை, லென்ஸ்கள் அலமாரியில் வரிசையாகத் தூங்கும், பேரம்கூடப் பேசலாம். ஆவணிக்குத் தள்ளிப்போனால் இரண்டு வாரம் முன்பே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.